முதல் வேலை: புதிய சிறு நிறுவனமா, பெரிய நிறுவனமா?

உடப்புசல்லாவையின் தோட்ட லயங்களில், பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்றால் பெரியவர்கள் சம்பளத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்பார்கள்: "ஈபிஎவ் பிடிப்பாங்களா?" தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெறும் ஒருவருக்குக் கையில் மிஞ்சுவது ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான் என்பதால் வரும் கேள்வி அது. தகவல் தொழில்நுட்பம் படித்து முடித்து, இரண்டு வேலைக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் இளைஞர்களுக்கும் இதைவிட நல்ல கேள்வி இல்லை.

ஒரு கடிதம் கொழும்பில் ஆயிரக்கணக்கானோர் பணியாற்றும் பெரிய மென்பொருள் நிறுவனத்திலிருந்து வருகிறது. மற்றது ஏழெட்டுப் பேர் சேர்ந்து தொடங்கிய புதிய நிறுவனத்திலிருந்து. ஸ்டார்ட்அப் என்று சொல்லப்படும் இவ்வகை நிறுவனம் பெரும்பாலும் சற்றுக் கூடுதல் சம்பளத்தையோ, பங்கு தருவதாக ஒரு வாக்குறுதியையோ முன்வைக்கும். எதைத் தேர்வது?

பங்கு எப்போது பணமாகும்?

பங்குக் கனவுக்கு ஆதாரம் இருக்கிறது. திருச்சியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010 இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் இந்திய ரூபாயில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 36 டொலருக்கு விற்கப்பட்ட அந்தப் பங்கு மறு ஆண்டே 20 டொலருக்கும் கீழே இறங்கியது. 2024 நவம்பரில் அதே நிறுவனம் சுமார் 660 பேரைப் பணிநீக்கம் செய்தது.

இந்தியாவின் பைஜூஸ் கதை இன்னும் கசப்பானது. 2022 இல் 22 பில்லியன் டொலர் மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்ட நிறுவனம், 2024 இல் திவால் வழக்கில் சிக்கியது. பல ஊழியர்களுக்குச் சம்பளமே தாமதமானது. அவர்களிடமிருந்த பங்குகள் வெறும் காகிதமாயின.

வென்ற நிறுவனங்களிலும் காத்திருப்பு நீளமானது. 2005 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை, ஈ.கியூ.டி என்ற சர்வதேச முதலீட்டு நிறுவனம் வாங்க முன்வந்தது 2024 இல்தான். இடையில் 19 ஆண்டுகள். ஃபிரெஷ்வொர்க்ஸுக்கு 11 ஆண்டுகள் ஆயின. அடகு வைத்த நகையும் தம்பி தங்கையின் படிப்பும் அவ்வளவு காலம் காத்திருக்குமா என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் கணக்கிட வேண்டும்.

பங்கு வாக்குறுதி பொதுவாக நான்கு ஆண்டுகளில் படிப்படியாகக் கைக்கு வரும் வகையில் எழுதப்படும். முதலாம் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவும் கிடைக்காது. "பத்தாயிரம் பங்கு தருகிறோம்" என்ற பேச்சுக்கு, மொத்தப் பங்குகள் எத்தனை என்று தெரியாதவரை பொருளில்லை. ஒரு இலட்சத்தில் பத்தாயிரம் என்றால் பத்து வீதம். ஒரு கோடியில் பத்தாயிரம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

15 என்ற எண்

நமது சட்டங்களில், இந்தத் தேர்வைத் தீர்மானிக்கக்கூடிய ஓர் எண் இருக்கிறது. அது 15.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய மாதச் சம்பள ஊழியருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கிடைக்க வேண்டும். தோட்டத்தில் சேவைக்காலப் பணம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் 15 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தை இச்சட்டம் கட்டாயப்படுத்தாது.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டமும் அப்படியே. ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்பது சட்டம். சராசரியாக 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 12 மாதத்தில் 180 நாள் சேவை நிறைவு செய்யாதவருக்கும் இல்லை.

ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு இந்த எல்லை பொருந்தாது. ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும், தகுதிகாண் காலமாக இருந்தாலும், முதல் நாளிலிருந்தே ஊழியர் 8 வீதம், நிறுவனம் 12 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். சில சிறு நிறுவனங்கள் "நீங்கள் ஊழியர் அல்ல, சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்று கடிதத்தில் எழுதி இதைத் தவிர்க்கின்றன. கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டிய சொல் அதுதான்.

ஓர் உதாரணக் கணக்கு. பெரிய நிறுவனம் 100,000 ரூபா அடிப்படைச் சம்பளம் தருகிறது. சிறிய நிறுவனம் ஒப்பந்தக்காரராக 120,000 ரூபா தருகிறது. வித்தியாசம் 20,000 ரூபா போலத் தெரியும். ஆனால் பெரிய நிறுவனம் சம்பளத்துக்கு மேலாக 12,000 ரூபாவும் 3,000 ரூபாவும் உங்கள் பெயரில் செலுத்துகிறது. ஆகவே உண்மையான வித்தியாசம் 5,000 ரூபாதான். சம்பளத்துடனான விடுமுறை, மருத்துவக் காப்புறுதி, பெண்களுக்கு 84 வேலைநாள் பிரசவ விடுமுறை ஆகியவற்றையும் சேர்த்தால் கணக்கு தலைகீழாகலாம்.

பெரிய நிறுவனம் பாதுகாப்பா?

முழுமையாக அல்ல. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நிறுத்துவதாக அறிவித்தன. 2025 இல் இந்தியாவின் டி.சி.எஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. இலங்கையில் 15 பேருக்கு மேலுள்ள நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால், அனுமதியும் சூத்திரப்படியான இழப்பீடும் கேட்க உங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. சிறு நிறுவனத்தில் அந்த வாசலே இல்லை.

கற்றலில் நிலைமை வேறு. சிறிய இடத்தில் ஒரே ஆண்டில் நிரல் எழுதுவது முதல் வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் பேசுவது வரை எல்லாம் உங்கள் தலையில் விழும், வேகமாக வளரலாம். பெரிய இடத்தில் நீங்கள் எழுதியதை மூத்தவர் ஒருவர் திருத்துவார். முறையான பயிற்சி கிடைக்கும். ஆனால் ஒரு சின்ன மூலையிலேயே ஆண்டுகள் கழியவும் கூடும். பிரிவெனா வகுப்புப் போல யாராவது சொல்லித்தருவார்கள் என்று எதிர்பார்த்து, மூத்த பொறியியலாளர் ஒருவர்கூட இல்லாத சிறு நிறுவனத்தில் சேர்வதுதான் மோசமான தெரிவு.

விழுந்தால் பிடிக்க யார்?

கொழும்பில் சொந்த வீடுள்ள ஒருவர் புதிய நிறுவனத்தில் சேர்ந்து, அது ஆறு மாதத்தில் மூடப்பட்டால், வீட்டிலிருந்தபடி அடுத்த வேலை தேடலாம். லயத்து வீட்டுப் பிள்ளைக்குப் போடிங் வாடகை ஒரு மாதம் தவறினாலே நகரத்தில் இடமில்லை. ஈடு வைக்கக் காணியும் இல்லை. தோட்டத்து நாட்சம்பளத்திலிருந்து வீட்டார் கொழும்புக்குப் பணம் அனுப்ப முடியாது. போரில் உழைப்பவரையும் காணியையும் இழந்த வன்னிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் நிலைமை இதுதான். துணிந்து இறங்கு என்ற அறிவுரை, விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் உள்ளவர்களுக்கே அப்படியே பொருந்தும்.

ஆகவே வீடு உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிய அல்லது நடுத்தர நிறுவனத்தில் சேர்வதே புத்திசாலித்தனம். ஆறு மாதச் செலவுக்கான பணம் சேர்ந்தபின் சிறு நிறுவனத்துக்குத் தாவலாம். கிரிஷ் மாத்ருபூதமும் ஸோஹோ நிறுவனத்தில் பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்த பின்னரே சொந்தமாகத் தொடங்கினார்.

சிறு நிறுவனத்தையே விரும்பினால், கையெழுத்திடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- சேமலாப நிதி இலக்கம் உண்டா? நான் ஊழியரா, ஒப்பந்தக்காரரா?
- மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?
- இன்னும் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கிறது?
- பங்கு எத்தனை வீதம்? எழுத்தில் தருவீர்களா?
- என் வேலையைப் பார்த்துத் திருத்தப்போகும் மூத்தவர் யார்?
- விலகினால் முன்னறிவித்தல் காலம் எவ்வளவு? பயிற்சிக்கான பிணைத்தொகை உண்டா?

கடைசிக் கேள்வியைப் பெரிய நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். நேர்மையான தொடக்க நிறுவனம் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும். "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி, இதெல்லாம் எதற்கு?" என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடலாம். தோட்டத்தில் சேமலாப நிதி நிலுவைக்காக அலைந்தவர்களின் பிள்ளைகள், அந்த அலைச்சலைக் கொழும்பில் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.