வெயிலில் உருகாத ஜெலி

பிள்ளைக்குக் கம்மி மிட்டாய் வாங்கப் போகும் கல்முனை உம்மாமார் பக்கெட்டின் முன்பக்கத்துக் கரடிப் படத்தில் மயங்குவதில்லை. நேரே பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்துக்குள் ‘ஜெலட்டின்’ எங்கே என்று தேடுகிறார்கள். பன்றியா, மாடா, மீனா? மாடென்றால் ஹலால் முத்திரை இருக்கிறதா? மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்தக் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் எந்தக் கடையிலும் காணக்கூடிய காட்சி இது.

அதே பொடி எழுத்தில் ஜெலட்டினுக்கு முன்னால் இருப்பதைத்தான் பலரும் தாண்டிப் போகிறோம். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்பது பக்கெட் உணவுகளுக்குப் பொதுவான விதி. கம்மியில் முதலிரண்டு இடங்களில் பெரும்பாலும் குளுக்கோஸ் பாகும் சீனியும்தான் நிற்கும். பல கம்மிகளின் எடையில் பாதியளவு சீனிதான். ஜெலட்டின் அதற்குப் பின்னால் வருகிற சிறு பங்கு. ஹலாலா என்ற கேள்விக்கு முத்திரை பதில் சொல்லிவிடும். பல்லுக்கும் உடம்புக்கும் நல்லதா என்ற கேள்விக்கு எந்த முத்திரையும் பதில் சொல்லாது.

வீட்டிலேயே செய்து கொடுத்தால் இரண்டு கவலையும் தீருமே என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் எதை வைத்து உறைய வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஜெலட்டின் என்பது விலங்கின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை வேகவைத்து எடுப்பது. சுடுநீரில் கரைந்து, குளிரில் உறைந்து, ஏறத்தாழ 30 முதல் 35 பாகை செல்சியசில் மறுபடி உருகும். நாக்கில் வைத்ததும் அது கரைவது இதனால்தான். ஜெர்மனியில் 1920இல் தொடங்கப்பட்ட ஹரிபோ நிறுவனம் 1922இல் முதல் கரடி மிட்டாயை விற்றபோது அதில் ஜெலட்டின் இருக்கவில்லை. வேலமர இனத்துப் பிசினைத்தான் பயன்படுத்தினார்கள். ஜெலட்டின் பிறகு வந்து இடம்பிடித்தது. குளிர் நாட்டுக்கு அது பொருத்தமான சரக்கு. நம் கரையோரத்தில் பங்குனி, சித்திரையில் பகல் வெப்பம் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. வீட்டில் சீனி குறைத்துச் செய்த ஜெலட்டின் துண்டைப் பாடசாலைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் இடைவேளைக்குள் அது தண்ணீர். கடைக் கம்மி தப்பிப்பதற்குக் காரணம் அதில் நீர் மிகக் குறைவு, சீனி மிக அதிகம் என்பது.

இந்தக் கரைக்குப் பொருத்தமான உறைபொருள் நம் குசினிக்குப் புதிதல்ல. நோன்பு பிறந்தால் கஞ்சியோடும் பேரீச்சம்பழத்தோடும் சிவப்பும் பச்சையுமாய் வெட்டி வைக்கிற கடப்பாசிதான் அது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் வந்தது. பிரிட்ஜ் வெறும் அலுமாரியாக நின்ற காலத்திலும் கடப்பாசி மேசையில் வைத்தபடியே உறையக்கூடியது. மூத்தம்மாமார் காலத்தில் பிரிட்ஜே இல்லாமல்தான் அதைச் செய்தார்கள்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருளுக்கு அறிவியலில் அகார் என்று பெயர். அது புரதமல்ல, நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன காபோவைதரேற்று. கொதிநீரில் இந்தச் சங்கிலிகள் பிரிந்து தனித்தனியாய் அலைகின்றன. ஆறும்போது தென்னந்தும்பு கயிறாய்த் திரிவதுபோல இரண்டிரண்டாய் முறுக்கிக்கொள்கின்றன. முறுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகி, நூற்றுக்கு இரண்டு பங்கு அகார் மீதித் தண்ணீர் முழுவதையும் பிடித்து வைத்துவிடுகிறது. இதிலுள்ள விசித்திரம், உறையும் சூடும் உருகும் சூடும் ஒன்றல்ல என்பது. உறைவது 35, 40 பாகைக்குள். ஆனால் ஒருமுறை உறைந்ததை மறுபடி உருக்க 85 பாகை வேண்டும். அம்பாறை வெயில் என்ன, எந்த வெயிலும் அதை எட்டாது.

இந்தக் குணம் சமையலறையிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போன கதை ருசியானது. 1881இல் ஜெர்மனியில் கிருமி ஆய்வாளர் ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த வால்தர் ஹெஸ்ஸேக்குக் கோடை காலம் பெரிய தொல்லையாக இருந்தது. பற்றீரியா வளர்க்கும் ஜெலட்டின் சூட்டில் உருகியது. போதாக்குறைக்குச் சில பற்றீரியாக்கள் ஜெலட்டினையே தின்று நீராக்கின. வீட்டில் மனைவி ஃபானி செய்யும் ஜெலியும் புடிங்கும் மட்டும் அதே கோடையில் அசையாமல் நின்றன. எப்படி என்று கேட்டார். ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக்காரர் ஒருவர் சொல்லித் தந்த அகார் என்று பதில் வந்தது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையில் கொக் அகாரைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே தம்பதியின் பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்கு நம்மூர் வைத்தியசாலையில் பிள்ளையின் தொண்டையில் எடுத்த மாதிரியைக் கிருமி வளர்க்க வைக்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் இந்தக் கடப்பாசியின் மேல்தான் வளர்கிறது. நோன்பு திறக்கும் மேசைக்கும் ஆய்வுகூடத் தட்டுக்கும் ஒரே சரக்கு.

இந்தச் சரக்கைத் தரும் பாசி நம் கடலிலும் உண்டு. இலங்கைக் கரையில் கிடைத்த கிராசிலேரியா இனத்துப் பாசியை 19ஆம் நூற்றாண்டு மருந்து நூல்கள் ‘சிலோன் மொஸ்’ என்று எழுதி, நோயாளிகளுக்கான மெல்லிய உணவாகப் பரிந்துரைத்தன. எதிர்க்கரையில் இராமநாதபுரத்து மீனவர்கள் அதற்குக் கஞ்சிப்பாசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி சேகரித்து அகார் ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். நம் கடைகளில் கட்டாகத் தொங்கும் வெள்ளைக் கடப்பாசி இழைகளோ பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வருபவை. இத்தனை கடல் சூழ்ந்த நாட்டுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

சரி, அகாரில் செய்துவிட்டால் அது ‘ஆரோக்கியமானது’ ஆகிவிடுமா? அகார் மட்டும் என்றால் கெடுதல் இல்லை. அது நம் நொதியங்களால் செரிக்கப்படாத நார்ப்பொருள், சக்தி கிட்டத்தட்ட பூச்சியம். பற்சூத்தை உண்டாக்கும் வாய்ப் பற்றீரியாவுக்கும் அது தீனியல்ல. தீனி சீனிதான். அந்தப் பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்குகின்றன. பல்லோரத்தில் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணித்தியாலம் அளவு எடுக்கும். பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் கம்மி அந்த நேரத்தை நீட்டுகிறது. எவ்வளவு சாப்பிட்டது என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வாயில் கிடந்தது என்பது பல்லுக்கு முக்கியம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: ஒரு நாள் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கும் சீனியிலிருந்து வரக்கூடாது, இருபதில் ஒன்றாகக் குறைந்தால் இன்னும் நல்லது. நாளுக்கு 1,400 கலோரி தேவைப்படும் சிறு பிள்ளைக்கு அது 35 கிராம், குறைத்தால் 17 கிராம் அளவு. தேனும் பாணியும் பழச்சாறும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். ‘சீனியே போடவில்லை, தேன் மட்டும்தான்’ என்று சொல்லிச் செய்யும் கம்மி இந்தக் கணக்கில் ஒரு சலுகையும் பெறாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, அதில் பொட்டுலிசம் உண்டாக்கும் கிருமியின் வித்திகள் இருக்கலாம். நம் நாட்டில் 2016இலிருந்து இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. வீட்டுச் சட்டிக்கு அப்படியோர் அடையாளம் ஒட்ட யாரும் வரமாட்டார்கள்.

வீட்டில் செய்துபார்த்தவர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு: கடைக் கம்மி மாதிரி இழுபடவில்லை, கடித்தால் உதிர்கிறது. அது கைப்பழக்கத்தின் குற்றமல்ல. கடைக் கம்மியில் நீர் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். சீனி குறைந்த கடப்பாசியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நீர். பல்லில் இழுபடும் அந்தச் சவ்வுத்தன்மை நீரைக் குறைத்து அந்த இடத்தில் சீனிப் பாகை நிரப்புவதால் வருவது. இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனி போக வேண்டியதில்லை. மஸ்கட் கிண்டுகிற வீட்டுக்குப் போனால் போதும். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவி மாப்பாலை எடுத்து, பசைப் பிண்டத்தை ஒதுக்கிவிட்டு, சீனியும் நெய்யும் சேர்த்துக் கை ஓயும்வரை கிண்டுகிறார்கள். 60 பாகையைத் தாண்டும்போது மாப்பொருள் மணிகள் நீர் குடித்து வீங்கிக் குழைகின்றன. பிறகு கிண்டக் கிண்ட நீர் போய், சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வருகிற பதத்தில் இறக்குகிறார்கள். துருக்கியின் லோகூமும் இதே குடும்பம். மஸ்கட் நம்மூர்க் கம்மிதான், சீனியிலும் சளைத்ததல்ல. அதனால்தான் அதைப் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் என்று வைத்தார்கள், பாடசாலைப் பெட்டிக்கு என்று அல்ல.

ஆக, கடைக் கம்மியை அப்படியே வீட்டில் நகலெடுக்க முயன்றால் கடைச் சீனியையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டிவரும். அதைவிடக் கடப்பாசியைக் கடப்பாசியாகவே நன்றாகச் செய்வது மேல்.

செய்வதில் நுணுக்கம் இரண்டு, மூன்றுதான். நோன்புக்கு வெட்டும் மெல்லிய கடப்பாசிக்கு லீற்றருக்கு 10 கிராம் போதும். பிள்ளை கையில் எடுத்துக் கடிக்க அரை லீற்றருக்கு 10 கிராம் போடலாம். இழைகளை ஊறவைத்து, 300 மில்லிலீற்றர் தண்ணீரில் ஓர் இழையும் மிஞ்சாமல் கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். அகார் கரைவது கொதிநிலைக்குக் கிட்டத்தான். சூடானதும் இறக்கிவிட்டால் உறையாது. தேசிக்காய்ப் புளியையோ கொடித்தோடைச் சாற்றையோ கொதிக்கும்போது ஊற்றக் கூடாது, சூட்டில் புளி சங்கிலிகளை வெட்டிவிடும். அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு, 200 மில்லிலீற்றர் அளவு பழக்கூழைக் கலக்க வேண்டும். கூழ் பிரிட்ஜிலிருந்து நேரே எடுத்ததாக இருந்தால் பட்ட இடத்திலேயே கட்டிகட்டியாய் உறையும். சாதாரண வெப்பத்தில் இருக்கட்டும். கடைசியில் கலப்பதில் இன்னொரு இலாபம், சூட்டில் அழியும் விற்றமின் சி ஓரளவு மிஞ்சும். இதற்குக் கொய்யா நல்ல தெரிவு. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் அந்த விற்றமின் இருக்கிறது, தோடம்பழத்தில் உள்ளதைவிட மூன்று, நான்கு மடங்கு. சாற்றை வடிக்காமல் சதையோடு சேர்த்தால் நாரும் சேரும்.

பச்சை அன்னாசியும் பப்பாசியும் ஜெலட்டினை உறைய விடாது. அவற்றின் நொதியங்கள் புரதத்தை அறுக்கின்றன. அகார் புரதமல்ல என்பதால் அன்னாசியை அப்படியே போடலாம். தேங்காய்ப்பால் சேர்த்தால் கொழுப்பு மேலெழுந்து வெள்ளை அடுக்காகும், கீழே கண்ணாடி மாதிரி இன்னோர் அடுக்கு. நிறத்துக்குக் கடைப் பொடி வேண்டாம். சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டால் நீலம், அதில் தேசிக்காய் இரண்டு சொட்டு விட்டால் ஊதா. பிள்ளையையே விடச் சொல்லுங்கள், அமிலம் என்றால் என்னவென்று பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளும். ஒரு குறை மட்டும் உண்டு: இறுகிய ஜெலி நாக்குக்கு இனிப்பை மெதுவாகத்தான் விடுகிறது. அதே கலவை குடிக்கும்போது இனித்த அளவுக்கு உறைந்தபின் இனிக்காது. அதற்காகச் சீனியைக் கொட்டாமல் நன்றாகப் பழுத்த பழம் எடுப்பதும், கொஞ்சம் புளிப்போ ஏலமோ சேர்ப்பதும் கைகொடுக்கும்.

இழுபடத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டு செய்வார்கள். மாம்பழத்திலும் அதைச் செய்யலாம். நீரைச் சூரியன் எடுத்துவிடும், உறையவைப்பது பழத்திலேயே உள்ள பெக்டின். நம் பக்கம் கச்சான் காற்று சுடச்சுட வீசும் ஆனி, ஆடி மாதங்கள் அதற்குத் தோது. மாரியில் முயன்றால் பூஞ்சணம்தான் மிஞ்சும். இதிலும் பழத்தின் சீனி செறிந்துதான் இருக்கும், பல்லில் ஒட்டும். அளவாய்க் கொடுத்துப் பிறகு தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள்.

சீனி குறைந்த பழக் கடப்பாசி நெடுநாள் தாங்காது. சீனி வெறும் இனிப்பல்ல, நீரைப் பிடித்துவைத்துக் கிருமிக்குக் கிடைக்காமல் செய்யும் காவல். அது இல்லாத ஜெலியைப் பிரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். வெளியே வைத்தால் அன்றன்றைக்கே. உருகவில்லை என்பதற்காகக் கெடவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கடைசியாக வடிவம். ஒரே வாயில் உறிஞ்சும் சிறு குவளை ஜெலிகளில் சிக்கிக் குழந்தைகள் மூச்சடைத்து இறந்த பின், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் எச்சரித்தது. அவற்றில் கலந்த கொஞ்சாக் கிழங்குப் பசையை 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. கொஞ்சாக் வாயில் கரையாது, எளிதில் உடையாது. 2004இல் அகாரையும் கராகீனனையும்கூட அந்தச் சிறு குவளை வடிவில் தடைசெய்தார்கள். வழுக்கலான, தொண்டை அளவுக்கு உருண்ட துண்டு எதனால் செய்தாலும் ஆபத்துத்தான். ஆகவே முட்டை வடிவ, உருண்டை வடிவ அச்சுகளைத் தவிர்த்துத் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு விரல் நீளக் கீற்றாய் வெட்டலாம். நான்கு வயதுக்கு உட்பட்டதென்றால் மெல்லிய சீவலாக்கி, ஓடாமல் உட்கார்ந்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கக் கொடுங்கள்.