சர்வர் சுந்தரம்: கைக்கிளையும் திரைக்கலையும்

திரைப்படம் உருவாகும் முறையைக் காதற்கதையோடு பிணைத்துக் காட்டும் படைப்புகள் பல மொழிகளிலும் உள. இசுப்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மோதோவாரின் ‘முறிந்த தழுவல்கள்’ (2009) அத்தகையது. காதலியையும் கண்ணொளியையும் ஒருங்கே இழந்த இயக்குநன் ஒருவன், பிறர் சிதைத்து வெளியிட்ட தன் படத்தை ஆண்டுகள் பல கழித்து மீண்டும் தொகுக்கின்றான். அங்குக் காதலனே படம் ஆக்குவோன். ஆதலின் கலை அவன் இழப்பை ஆற்றும் மருந்தாகிறது. தமிழில் இப்பொருளை 1964-ஆம் ஆண்டிலேயே வேறொரு நோக்கில் அணுகியது ‘சர்வர் சுந்தரம்’. கே. பாலசந்தரின் கதையைக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்க, ஏவி.எம். நிறுவனம் வெளியிட்டது. அதன் பொருளமைதியைத் தொல்காப்பிய நெறிநின்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணவு விடுதியில் பணிபுரியும் சுந்தரம் (நாகேஷ்), ராதையின் (கே.ஆர். விஜயா) அன்பைக் காதல் எனக் கருதுகின்றான். அவள் உள்ளமோ அவன் நண்பன் ராகவனிடம் (முத்துராமன்) உள்ளது. ஒருதலைக் காமம் என்னும் பொதுக்கருத்தால் இதனைக் கைக்கிளை எனலாம். ஆயினும் தொல்காப்பியர் கூறும் கைக்கிளைக்குரியவள் காமம் அறியா இளையோள். அவளிடம் எதிர்மொழி பெறாமலே சொல்லி இன்புறுபவன் தலைவன். ராதையோ காதல் அறிந்தவள். ஆகவே இலக்கணம் முழுதும் பொருந்தாது. எதிர்மொழி இன்மை ஒன்றே இரண்டிற்கும் பொதுவாகும்.

இனி மெய்ப்பாட்டை நோக்குவோம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன் என்பர். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அழுகைக்கு உரியன. சுந்தரத்தின் பேதைமை கண்டு அவையோர் நகைக்கின்றனர். கொண்டதை விடாது பற்றும் மடனும் அவனிடம் உண்டு. அம்மடனே, உண்மை வெளிப்படுங்கால், அவனுக்கு இழவாக மாறுகின்றது. நகையின் நிலைக்களனே அழுகைக்கு வித்தாதல் இப்படத்தின் சிறப்பு எனலாம்.

இக்கருத்துக்குத் துணைநிற்பது பாடற்பதிவுக் காட்சியாகும். திரையில் ஆடுபவன் சுந்தரம். பாடும் குரலுக்குரியவர் டி.எம். சௌந்தரராசன், இசையை நடத்துபவர் எம்.எஸ். விசுவநாதன். மறைவில் நிற்க வேண்டிய பாடகரும் இசைக்குழுவினரும் கண்முன் தோன்றுகின்றனர். காண்போர்க்கு இது வியப்பும் விருந்துமாம். எனினும் அதன் உட்பொருள் பிறிது. வாழ்வில் தன் காதலுக்கு மறுமொழி பெறாத ஒருவன், திரையிலும் பிறர் குரலிலேயே காதல் பாடுகின்றான்.

புகழ் வந்தபின்னும் அவன் குறை தீரவில்லை. தாயின் உயிர் பிரியுங்கால் உடனிருக்கும் பேறும் அவனுக்கு வாய்க்கவில்லை. வறுமையில் தொடங்கிய அழுகை இழவில் முடிகின்றது. இறுதியில் அவன் நடிப்பைத் துறந்து, பழைய பணிக்கே திரும்புகின்றான்.

இசுப்பானியப் படத்தின் இயக்குநன் கலையினிடத்தே மீள்கின்றான். சுந்தரம் கலையினின்றும் மீள்கின்றான். பிறரை நகைக்கச் செய்வோன் தனக்கென அழவும் இடம் பெறுவானோ என்னும் வினாவை இத்தமிழ்ப்படம் எழுப்புகின்றது. நகைச்சுவை நடிகனைத் துணைப்பாத்திரமாகவே கண்டு பழகிய திரையுலகில், அவனையே தலைவனாக்கி அவன் துயரத்தைப் பாடுபொருளாக்கியமை போற்றத்தக்கதாகும்.