கோட்டை அழகாகத் தெரிவது எப்படி?

தூரத்துக் குன்றில் நீலம் பாய்ந்த கோட்டை. கீழே ஆறு, மரங்கள், நாலைந்து ஆடுகள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பார்த்ததுமே மனம் அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பின்னால் அபாரமான நுட்பம் இருக்கிறது.

கோட்டைக்கு நீலம் தருவது காற்று. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியைப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. தூசியும் ஈரமும் சேர்ந்துகொண்டால் நிழல்கள் வெளுத்து, விளிம்புகள் கரைகின்றன. காற்றால் உண்டாகும் இந்தத் தூர உணர்வை ‘வளித் தொலைத்தோற்றம்’ எனலாம். ஓவியர் வண்ணத்தைச் சற்று வெளிறவிட்டாலே போதும், தட்டையான துணியில் பல மைல் தூரம் பிறந்துவிடும். அந்தத் தூரத்தில் கோட்டைச் சமையலறையில் பாத்திரம் துலக்குபவர் எங்கே தெரிவார்?

அன்றைய பயணிகள் நிலக்காட்சியை இப்படி ஓவியம்போலப் பார்ப்பதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரேனின் பெயரால் அது ‘கிளாட் கண்ணாடி’. பேருந்தின் பக்கக் கண்ணாடிபோலப் புடைத்த, கருமை பூசிய சிறு ஆடி. காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, அதில் விழும் பிம்பத்தைத்தான் ரசிப்பார்கள்! புடைப்பு நிலத்தைச் சுருக்கும், கருமை வண்ணங்களை அடக்கும், நுண்விவரங்கள் மங்கிவிடும்.

இந்த ரசனை மனிதர்களையும் சும்மா விடவில்லை. அறநோக்கில் உழைப்பாளியே மேல், ஆனால் ஓவிய அழகுக்கு வேலையில்லாமல் நிற்கும் குடியானவனே பொருத்தம் என்று எழுதினார் வில்லியம் கில்பின். அவர் ஒரு பாதிரியார் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏனென்றால் ஓவியத்துக்கு வெளியே நடந்தது வேறு. 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் 68 லட்சம் ஏக்கர் பொதுநிலத்தையும் திறந்த வயலையும் வேலிக்குள் கொண்டுவந்தன. இங்கிலாந்தின் பரப்பில் அது ஐந்தில் ஒரு பங்கு. மேய்ச்சலையும் விறகையும் இழந்த ஏழைகள் கூலியை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று.

1809-இல் காட்சிக்கு வைத்த ஓவியம் ஒன்றில் ஆங்கில ஓவியர் டர்னர் விண்ட்சர் கோட்டையை வரைந்திருந்தார். அரசர் மூன்றாம் ஜார்ஜின் இல்லம்; அதைச் சூழ்ந்து மூடுபனி, பொன்னொளி. ஆனால் முன்னால் அவர் வைத்தது ஸ்லௌ ஊரருகே ஒரு டர்னிப் வயல். குனிந்து கிழங்கு பொறுக்கும் பெண்கள், ஏரருகே ஆண்கள், தரையில் குழந்தையுடன் ஒரு தாய். நெப்போலியன் போர்க்காலம், ரொட்டி விலை ஏறிக்கிடந்தது. லண்டன் டேட் காட்சியகத்தின் தொகுப்பிலுள்ள அந்த ஓவியத்தில், இவர்களைத் தாண்டித்தான் கண் கோட்டைக்குப் போக முடியும்.