சிறு போல்ட்டும் பெரும் விமானமும்

போல்ட்டு என்றால் துளைக்குள் போனால் சரி என்று எண்ணுகிறோம் அல்லவா? விட்டம், நீளம், மரை, உலோகத்தின் வலிமை எல்லாம் பொருந்தினால்தான் அது சரியான போல்ட்டு. சிலவற்றின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பது கூட வலிமையைக் குறிக்கும் எண்ணே.

1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் 81 பயணிகளுடன் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்டது. சுமார் 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. அவர் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது! பணியாளர்கள் அவரை இறுகப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுதாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். விமானி உட்பட அனைவரும் பிழைத்தனர்.

சுமார் 27 மணி நேரத்துக்கு முன்புதான் அக்கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதன் 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் ஏறக்குறைய 0.66 மில்லிமீட்டர் குறைந்தவை. மற்ற 6 நீளம் குறைந்தவை. மரையின் இடைவெளி ஒன்றாகவே இருந்ததால் மெலிந்தவையும் திருகியபோது உள்ளே போய்விட்டன. ஆனால் அக்கண்ணாடி வெளிப்புறமிருந்து பொருத்தப்படுவது. உயரே போகப்போக உள்ளிருக்கும் காற்று அதை வெளியே தள்ளும். அவ்விசையைப் போல்ட்டுகளே தாங்க வேண்டும்.

மாற்றியவர் பாகங்களின் பட்டியலைப் பார்க்கவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் சரியான எண்ணைச் சொன்ன பிறகும், மங்கிய வெளிச்சத்தில் பழைய போல்ட்டோடு ஒப்பிட்டே எடுத்தார். எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. கழற்றிய பழைய போல்ட்டுகளிலேயே பெரும்பாலானவை நீளம் குறைந்தவையாம்!