கொசுறு கொத்தமல்லிக்கு ஏங்க வேண்டாம்: விழுப்புரம் வெயிலில் மாடியில் வளர்ப்பது எப்படி?

காய்கறி வாங்கினால் கறிவேப்பிலையோடு நாலு தண்டு கொத்தமல்லியும் கொசுறாகக் கிடைக்கும். பெருமழை வந்தால் அது நின்றுவிடும். தண்ணீர் தேங்கினால் மல்லியின் வேர் அழுகிவிடும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழையை எந்தக் கீரைப் பாத்தியும் தாங்காது.

சரி, மாடியில் போடலாம் என்று இறங்கினால், "மல்லி முளைக்கவே இல்லைங்க" என்பதுதான் பலரின் புலம்பல்.

முதல் சிக்கல் விதையில். நாம் ஒரு விதை என்று நினைக்கும் தனியாவுக்குள் இருப்பது இரண்டு விதைகள். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். பொடியாக்கிவிடக் கூடாது. மளிகைக்கடை தனியா பழசாக இருந்தால் முளைக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 4 போன்ற ரகங்களின் விதை கிடைத்தால் நல்லது. முளைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாலே நாளில் தொட்டியைக் கிளறிப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது சிக்கல் வெயில். சூடு ஏறினால் செடி இலையை விட்டுவிட்டு அவசரமாகப் பூவுக்குப் போய்விடும். இலை நூல் மாதிரி மெலிந்தால் அதுதான் அறிகுறி. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சித்திரை, வைகாசியில் விதைப்பது வீண்வேலை. கார்த்திகை முதல் தை வரை விதைக்கலாம். கனமழை என்றால் தொட்டியை சன்ஷேடு அடியில் நகர்த்திவிட்டால் போதும். மற்ற மாதங்களில் காலை வெயில் மட்டும் படும் இடம், பச்சை நிழல்வலை.

ஆணிவேர் செடி என்பதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். அரை அடி ஆழமாவது உள்ள தொட்டியில் நேரடியாகத் தூவுங்கள். அடியில் ஓட்டை அவசியம். 40 நாளில் கிள்ளலாம். வேரோடு பிடுங்காமல் வெளித்தண்டுகளை மட்டும் வெட்டினால் இன்னொரு முறையும் துளிர்க்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் விதை தூவினால் இடைவெளி விழாது.

கட்டாக வாங்கியதைக் கழுவி அப்படியே ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் பெரிய தப்பு. ஈரம்தான் அழுகலுக்குக் காரணம். மஞ்சள் இலையைக் களைந்து, கழுவாமல், பருத்தித் துணியிலோ டிஷ்யூ பேப்பரிலோ சுற்றி டப்பாவில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள்; ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். மிஞ்சியதை அரைத்து ஐஸ் ட்ரேயில் உறையவைத்தால் குருமாவுக்கு ஆகும், ரசத்தின் மேலே தூவ ஆகாது. காயவைப்பதில் பயனில்லை, வாசனை பறந்துவிடும். அதற்குப் பதில் புளி, மிளகாய் சேர்த்து அரைத்து, நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கிவிடலாம்.