நடை பயிலத் தாமதிக்கும் மழலைகள்

பிள்ளை நடக்கத் தாமதித்தால், "இவன் அத்தாவும் இப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் சில பிள்ளைகளின் தாமதத்திற்குக் காரணம், அவர்கள் பிறக்கு முன்பே நேர்ந்திருக்கும்.

ரூபெல்லா எனும் வைரஸ் நோய் தாய்க்கு இலேசான காய்ச்சலையும் மூன்று நாள் செந்தடிப்பையும் தந்து மறைந்துவிடும். சிலருக்கு அடையாளமே தெரியாது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாக்கினாலோ, நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைந்து, உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்புகளைக் குலைக்கிறது. பிறவிக் கண்புரைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் வெளிப்படுத்தினார். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இத்தகைய குழந்தைகளைப் பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன.

கண்ணுக்கும் நடைக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். மூளை தாக்கப்பட்டால் தசைகள் தளர்ந்து, தலை நிற்பதும் உட்காருவதும் தள்ளிப்போகும். மூளை நலமாக இருந்தாலும், பார்வை மங்கிய பிள்ளைக்கு எதிரே கிடக்கும் கிலுகிலுப்பை தெரிவதில்லை. பிறகு எதை நோக்கி அது தவழும்?

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோருக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்திகளை நம்பி மறுத்த பெற்றோர் பலர். எங்கள் ஆலங்குளத்துப் பெற்றோர் சிலரும் மதரஸாவுக்கே வந்து என்னிடம் ஐயம் கேட்டனர். படித்தவர்களே கூடுதலாக அஞ்சினார்கள் என்பது வேடிக்கை!

இவ்வூசி இன்று 9 மாதத்திலும், மீண்டும் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். கருவுற்றபின் போடலாகாது, போட்டபின் ஒரு மாதமேனும் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஆகவே நிக்காஹ் நிச்சயமானதும், நகைக்கடைக்குப் புறப்படுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளை ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையெனில், கண்ணையும் செவியையும் சேர்த்தே பரிசோதியுங்கள்.