என் காருக்கு பி.பி.!

"ஏங்க… டேஷ்போர்டுல சிவப்பா ஒரு கூஜா எரியுதே, என்னது அது?"

என் மனைவி இப்படிக் கேட்டபோது வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தோம். செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு தாம்பரம் திரும்பும் வழி.

அது கூஜா இல்லை ஸார். மூக்கு வைத்த எண்ணெய்க் குடுவை. மூக்கு நுனியில் ஒரு சொட்டு. கிட்டத்தட்ட அலாவுதீனின் விளக்கு மாதிரியே இருக்கும். அந்த விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும். இது எரிந்தால் மெக்கானிக் வருவார்!

வண்டி நகர்ந்ததும் விளக்கு அணைந்துவிட்டது. சிக்னலில் நின்றால் மறுபடி மினுக்கியது. "ஒண்ணுமில்லம்மா, லூஸ் கனெக்‌ஷன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஏழெட்டு கிலோமீட்டர் வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது பின்னால் வரும்.

கார் பன்னிரண்டு வயசுக் கார். நான் மூன்றாவது ஓனர். மறுநாள் காலை தெருமுனை ஒர்க்‌ஷாப் பையனைக் கூட்டி வந்தேன். பானெட்டைத் திறந்தான். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். தலையைச் சாய்த்து சத்தம் கேட்டான். அப்புறம் உதட்டைப் பிதுக்கினான்.

"ஸார், ஆயில் லைட் எரியுதுன்னா பேரிங் போச்சுன்னு அர்த்தம். என்ஜினை இறக்கணும்."

"எவ்வளவு ஆகும்?"

"நாப்பத்தஞ்சாயிரம். கொஞ்சம் மேல கீழ ஆகலாம்."

'மேல கீழ' என்றால் மேலே மட்டும்தான் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பாங்க்கில் இருந்தது ஐம்பதாயிரம். மனைவிக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கென்று மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது. அதைத் தொட்டால் ஆஸ்பத்திரிக்குப் பணம் இல்லை. தொடாவிட்டால், நடு ராத்திரியில் வலி எடுத்தால் போவதற்குக் கார் இல்லை. அன்றைக்கு ஆபீஸில் லெட்ஜரில் எந்தப் பக்கம் திருப்பினாலும் கூஜாவாகவே தெரிந்தது.

ராத்திரி விஷயத்தைச் சொன்னேன். ஈஸி சேரில் இருந்த அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"டேய், போன மாசம் வீட்டு மெஷின்ல எனக்கு பி.பி. 180 காட்டுச்சே, என்ன பண்ணினே?"

"ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட ஓடினேன்."

"அவர் என்ன பண்ணினார்?"

"அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சு, வேற மெஷின்ல பார்த்தார். 130தான் இருந்தது."

"காருக்கு யாராவது வேற மெஷின்ல பார்த்தாங்களா?"

பார்க்கவில்லை!

அப்பா ஒரு காலத்தில் ஸ்கூட்டர் விட்ட பாய் ஒருத்தர் இருக்கிறார். அறுபது தாண்டியவர். மறுநாள் பழைய டூல் பாக்ஸோடு வீட்டுக்கே வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி:

"லைட் எரிஞ்சதுக்கப்புறம் எவ்வளவு தூரம் ஓட்டினீங்க தம்பி?"

"ஏழெட்டு கிலோமீட்டர்…"

பாய் முகம் மாறிவிட்டது. "உள்ள சுத்துற கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல மெல்லிசா ஆயில் நிக்குது. அதுலதான் கிராங்க் மிதக்குது. நெஜமாவே பிரஷர் போயிருந்தா இரும்போட இரும்பு உரசி, சில நிமிஷத்துல என்ஜின் ஜாம் ஆகியிருக்கும். அந்த லைட் வந்தா ஓரம் கட்டி, உடனே என்ஜினை ஆஃப் பண்ணணும். அப்புறம்தான் மத்த பேச்சு!"

கிளாஸ் எடுத்து முடித்துவிட்டு சோதனையில் இறங்கினார்.

முதலில் டிப்ஸ்டிக். வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குச்சியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தார். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். பெட்ரோல் வாடை இல்லை. பெட்ரோல் கலந்தால் ஆயில் நீர்த்துப் பிரஷர் இறங்குமாம்.

அடுத்தது ஆயில் பிரஷர் ஸ்விட்ச். என்ஜின் பிளாக்கில் கட்டை விரல் தண்டிக்குத் திருகியிருந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு மெல்லிய சவ்வு. அவ்வளவுதான். ஆயில் அழுத்தம் சவ்வைத் தள்ளினால் கனெக்‌ஷன் பிரிந்து விளக்கு அணையும். பல கார்களில் சுமார் 5 பவுண்டுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால் கனெக்‌ஷன் சேர்ந்து விளக்கு எரியும். டயருக்குக் காற்றடிக்கும்போது 30, 32 என்கிறோமே, அதே பவுண்டுதான்.

என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடச் சொன்னார். விளக்கு எரிந்தது. ஸ்விட்ச்சிலிருந்து ஒயரைக் கழற்றினார். அணைந்தது.

"ஒயர் ஓ.கே. இது எங்கேயாவது பாடியில உரசி எர்த் ஆகியிருந்தா, கழட்டினப்புறமும் லைட் எரியும். இனி ரெண்டே சந்தேகம்தான். ஸ்விட்ச் பொய் சொல்லுது… இல்லேன்னா என்ஜின் நெஜமாவே போச்சு."

ஸ்விட்ச்சைக் கழற்றினார். ஒயர் மாட்டும் பக்கம் ஆயில் கசிந்து பிசுபிசுவென்று இருந்தது. அந்தத் துவாரத்தில், ரப்பர் குழாயோடு ஒரு வட்ட மீட்டரைத் திருகினார். காரின் பி.பி. மெஷின்!

ஸ்டார்ட் செய்ததும் முள் 50க்கு மேல் ஏறியது. நான் துள்ளினேன். பாய் கையைக் காட்டினார். "அவசரப்படாதீங்க. ஆயில் குளுந்திருந்தா கெட்டியா இருக்கும், யாருக்கும் நல்லாத்தான் காட்டும். சூடாகி இளகினப்புறம் ஐடிலிங்ல என்ன காட்டுதோ, அதுதான் பேச்சு."

என்ஜின் சூடாக இருபது நிமிஷம் ஆனது. முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. 40… 30… 25… ஒவ்வொரு கோடும் எனக்கு ஆஸ்பத்திரி பில்லாகத் தெரிந்தது. வாசலில் நின்ற மனைவி மீட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

18இல் முள் நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை!

"ஆக்ஸிலரேட்டர் குடுங்க… ரெண்டாயிரம்." முள் 42க்கு ஏறி அசையாமல் நின்றது.

"ஆயிரம் சுத்துக்குச் சுமாரா 10 பவுண்டுன்னு ஒரு கணக்கு. உங்க கம்பெனி புக்குல சரியான அளவு போட்டிருக்கும், பார்த்துக்குங்க. என்ஜின் கல்லு மாதிரி இருக்கு தம்பி. சவ்வு கிழிஞ்சு போச்சு, அவ்வளவுதான்!"

ஜி.பி. ரோட்டுக்கு ஓடிப் புது ஸ்விட்ச் வாங்கி வந்தேன். முந்நூற்றைம்பது ரூபாய். பாய் கூலியும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டவில்லை.

ஒர்க்‌ஷாப் பையன் ஏமாற்றப் பார்த்தானா என்று கேட்டேன். பாய் தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லாதீங்க. மீட்டர் 3, 4 காட்டியிருந்தா அவன் சொன்னதுதான் சரி. அவன் அளந்து பார்க்கல, அவ்வளவுதான்." கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். புதுக் கார்கள் சிலவற்றில் ஸ்விட்ச்சுக்குப் பதில் சென்ஸார். ஒயர் நேரே கம்ப்யூட்டருக்குப் போகும். அதில் இந்த ஒயர் கழற்றும் வேலை உதவாது. ஆனால் மீட்டர் எந்தக் காருக்கும் பொய் சொல்லாது. இரண்டாவது: "தினம் சாவி போட்டதும் லைட் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் சில செகண்டுல அணையணும். எரியுற லைட்டைக் கண்டு பயப்படுறீங்க. எரியவே எரியாத லைட்தான் இதைவிட ஆபத்து!"

இப்போதெல்லாம் நான் சாவி போட்டாலே மனைவி கேட்கிறாள்: "கூஜா எரிஞ்சுதா? அணைஞ்சுதா?" பிரசவப் பணம் பாங்க்கில் பத்திரமாக இருக்கிறது.

அன்று ராத்திரி அப்பா தன் மெஷினில் பி.பி. பார்த்தார். 128. "நீயும் ஒரு தடவை பாரேன்" என்றார்.

பார்த்தேன். 150!

"வேற மெஷின்ல பார்த்துக்கலாம்ப்பா" என்றேன்.